மருமகனுக்கு, மீள்பார்வை வாரத்துக்கு முன்

சுங்கை ரம்பாய்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் ஐயா. மின்சுற்றுப் பாடக் குறிப்பு, பக்கம் முழுக்க மஞ்சள் மார்க்கர். அனுப்பிய நேரம் விடியற்காலை மூன்றே கால். 'படிச்சுக்கிட்டுதான் இருக்கேன் அத்தை' என்று கீழே ஒரு வரி. உன் அம்மா என்னிடம் மூச்சு விடவில்லை. பி.டி.பி.டி.என். கல்விக்கடன் பணம் இந்தப் பருவத்துக்கு ஏறவில்லை என்று உன் தங்கை வாய்தவறிச் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. போன பருவத்தில் புள்ளிச் சராசரி 2.00க்குக் கீழே போய்விட்டாய், இல்லையா? திட்டுவதற்காகக் கேட்கவில்லை. இன்னொரு முறை இறங்கினால் என்ன ஆகும் என்பது உனக்கே தெரியும். அதை என் கையால் எழுத மனம் வரவில்லை.

நீ படிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். படிக்கிற விதம்தான் என்னை உறுத்துகிறது. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் கண்ணுக்கு அது பழகிப்போகும். பழகியதெல்லாம் தெரிந்ததுபோல மனம் நம்பிவிடும். தேர்வு மண்டபத்தில் அந்தப் பக்கம் உன் முன்னால் இருக்காதே. 2006ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தவர்கள் ஒரு சாரார். ஒரே முறை வாசித்துவிட்டு, அதை மூடி, நினைவிருப்பதை எழுதியவர்கள் மறு சாரார். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அவர்களிடம் மிஞ்சியது 42 விழுக்காடு. மூடி எழுதியவர்களிடம் 56. மார்க்கரை வைத்துவிட்டு வெள்ளைத்தாளை எடு என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

உன் குறிப்பில் மெஷ், நோடல், தெவெனின் என்று தலைப்புகள் பார்த்தேன். ஒன்றை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்று போகாதே. மூன்றிலும் கணக்கைக் கலந்து போடு. எந்த முறை எதற்கு என்று கண்டுபிடிப்பதும் தேர்வில் உன் வேலைதானே. இன்று போட்டதை நாளை ஒருமுறை, மூன்று நாள் விட்டு ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை பார். கொஞ்சம் மறந்த பிறகு முட்டி மோதி எடுப்பதுதான் நிற்கும். இரவு தூங்கு. பகலில் படித்ததைத் தூக்கத்தில் மூளை கெட்டிப்படுத்துகிறது.

அப்புறம் அந்தப் பட்டியல். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் 'இந்த ஆறு கேள்விதான் வரும்' என்று சுற்றுகிறதாமே. ஐயா, இந்த ஸ்பாட் கேள்விக் கதை நம் வீட்டில் உனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் சொல்வேன். தாத்தா விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் தூக்கிச் சேர்த்த காசு. அதை வாங்கிக்கொண்டு ஒரு டியூஷன்காரர் உன் அப்பாவிடம் எஸ்.பி.எம்.முக்கு ஒரு தாளை நீட்டினார். தமிழ்ப்பள்ளியிலிருந்து போய், புகுமுக வகுப்பில் ஒரு வருடம் இருந்து, மலாயில் எல்லாப் பாடத்தையும் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை அவன். அந்தத் தாளில் இருந்ததை மட்டும் மனப்பாடம் செய்தான். வந்த கேள்வி வேறு. முடிவு வந்த மறு வாரமே செம்பனை ஆலைக்கு வேலைக்குப் போனவன்தான். இன்றுவரை தன் மூளையைத்தான் குறை சொல்கிறான். அவன் மூளைக்கு ஒரு குறையும் இல்லை. கடைசி நேரத்தில் பயந்த வீட்டுக்குக் குறுக்குவழியை விற்றார்கள், நாம் வாங்கினோம். அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை.

கடந்த ஆண்டுத் தாள்களைப் போடாதே என்று நான் சொல்லவில்லை. போடு. கடிகாரம் வைத்து, குறிப்பை மூடி, முழுத் தாளையும் போடு. தப்பானதை அன்றே விரிவுரையாளரிடம் கொண்டுபோய்க் கேள். அது பயிற்சி; ஸ்பாட் என்பது சூதாட்டம்.

இன்னொன்று, முப்பது வருடமாக என் வகுப்பில் நான் நம்பியது. சென்னை எழும்பூரில் அனாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற வெள்ளைக்காரப் பாதிரியார், அந்த ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். தெரிந்த பிள்ளையை வைத்துத் தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். 1797ல் அதை லண்டனில் புத்தகமாக்கினார். மெட்ராஸ் முறை என்றே அங்கே பெயர் பெற்றது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை செய்ததும் அதுதான். அடுத்தவருக்கு விளக்கும்போதுதான் தனக்கு எங்கே ஓட்டை என்று தெரியும். கிர்சோஃப் விதியை உன் தங்கைக்குப் புரிய வைத்துவிட்டாய் என்றால் அந்தக் கேள்விக்கு நீ பயப்பட வேண்டாம்.

மீள்பார்வை வாரத்தில் டுரியான் துங்காலிலேயே இருப்பதா, வீட்டுக்கு வருவதா என்று கேட்டிருந்தாய். முடிவு உன்னுடையது. அங்கே நூலகம் இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள். நண்பர்களோடு மாமாக் கடையில் இரண்டு மணிவரை உட்காருவதும் இருக்கிறது. இங்கே என் வீட்டுப் பின்னறை காலி, விசிறி மாற்றியாயிற்று, தங்கைக்குப் பள்ளி விடுமுறை. ஜாசின் வழியாக வந்தால் ஒரு மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை மாமா காரை எடுத்துக்கொண்டு வரட்டுமா? யோசித்துச் சொல்.

நிறையப் பேசிவிட்டேன். நீ எங்கள் குடும்பத்தில் முதல் பொறியியல் மாணவன் என்று மெர்லிமாவ் சந்தையில் நான் சொல்லாத ஆளில்லை. இந்தப் பருவம் எப்படி முடிந்தாலும் அதைத்தான் சொல்வேன். உன் கணக்கில் இருநூறு வெள்ளி போட்டிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே, திருப்பித் தரவும் வேண்டாம். வயிறாரச் சாப்பிடு. நெத்திலி சம்பல் கிளறி ஒரு புட்டியில் அடைத்து வைத்திருக்கிறேன், உன் அறைத் தோழர்களுக்கும் சேர்த்து. நீ வந்தால் நாட்டுக்கோழி. வராவிட்டால் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அத்தை