நாலாவது ஆள் வந்தால் மணி அடிக்குமா?

பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு நாலு பேர்தான் என்றால் நாலு பேர்தான். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பார்த்த ஊர்க்காரர்களிடம் இப்படிப்பட்ட விதிகள் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. ஐந்தாவது ஆள் நுழைந்தால் மணி அடிக்க வேண்டும் என்று இந்த ஒரு விதியைக் கணினியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஏற்றியது சரியா என்று போர்மேன் படித்துச் சொல்ல வேண்டும். அப்படியானால் எந்த மொழியில் எழுதுவது?

எக்செல் ஆபீஸில் எல்லாருக்கும் பழக்கம். ஆனால் சூத்திரத்தில் 'பி2' என்று வந்தால் அது ஆளா, மருந்தின் எடையா என்று கட்டத்தைத் தேடிப் போக வேண்டும். கட்டத்துக்கு ஒரு பெயர் வைத்தால் பாதித் தொல்லை தீரும். இஃபுக்குள் இஃப் அடுக்கினால் எழுதியவருக்கே விளங்காது.

1974-ல் ஐபிஎம்மில் பிறந்த தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல், ஆங்கிலம் போலப் படிக்கலாம் என்ற எண்ணத்தில் உருவானது. நம் போர்மேனுக்கு அந்த ஆங்கிலமே வேலி. பதிவேட்டிலிருந்து கணக்கெடுக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். இயந்திரக் கட்டுப்பாட்டுக்கு எழுதும் லேடர் படத்தை ரிலே வயரிங் செய்த எலக்ட்ரீஷியன் பார்த்ததும் படித்துவிடுவார், மற்றவர்களுக்கு அது வெறும் ஏணி.

கெர்கின் என்ற சோதனை மொழி தமிழிலேயே எழுத விடுகிறது. வரிகள் தொடங்கும் சொற்கள்: கொடுக்கப்பட்ட, எப்போது, அப்பொழுது. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் 'எப்போது ஐந்தாவது ஆள் நுழைகிறார்' என்று வாசித்தால் தமிழ்க் காதுக்கு அது கேள்வி! சொல் தமிழ், வரிசை ஆங்கிலம். எழில் என்ற தமிழ் நிரல்மொழி இந்த இடத்தில் கெட்டி: நிபந்தனையை முதலில் சொல்லி, பின்னால் 'ஆனால்' போடுகிறது, நாம் பேசுவதைப் போலவே. அதே 'ஆனால்' கெர்கினில் 'பட்' என்ற பொருளில் வருவது தனி வேடிக்கை. ஆனாலும் எழில் எல்லா வேலைக்குமான பொதுமொழி என்பதால் கணக்கு, சுழற்சி என்று மற்ற சுமையையும் போர்மேன் தலையில் ஏற்றும்.

என் ஓட்டு, வரிசைக் குறையோடும் கெர்கினுக்கே. ஒரு எச்சரிக்கை: வாக்கியம் அழகாக இருக்கும், அதன் அடியில் புரோகிராமர் எழுதிய நிரல் வேறொன்றைச் செய்துகொண்டிருக்கலாம். அதனால் கெர்கினின் எடுத்துக்காட்டு அட்டவணையில் ஆட்களின் எண்ணிக்கையாக 3, 4, 5 என்று மூன்று வரி போட்டு, விடைப் பத்தியைக் காலியாக விட்டு, விதியை மட்டும் போர்மேனிடம் கொடுங்கள். மணி அடிக்குமா என்று அவரே நிரப்பட்டும். 4-க்கு நேரே 'அடிக்கும்' என்று எழுதினால் அவரைத் திருத்தாதீர்கள், விதி வாக்கியத்தைத் திருத்துங்கள். அவர் நிரப்பியதை அப்படியே ஓட்டிப் பார்த்து, மூன்றும் பொருந்தினால் அடுத்த விதிக்குப் போகலாம்.