வண்டி ஓட்டும்போது செல்போன்: ஆயிரம் ரூபாயோடு முடிந்துவிடுமா?

"சார், நான் பேசவே இல்ல. யார் கூப்பிட்டாங்கன்னு பார்த்தேன், அவ்வளவுதான்." போக்குவரத்துக் காவலர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. சட்டத்தின் முன் இந்தப் பதில் நிற்காது. பேசினீர்களா இல்லையா என்று சட்டம் பார்ப்பதில்லை. ஓட்டும்போது ஃபோனைக் கையில் பிடித்துப் பயன்படுத்தினீர்களா என்றுதான் பார்க்கிறது. வாட்ஸ்அப் செய்தியைத் திறப்பது, பாட்டு மாற்றுவது, ஓட்டியபடியே வீடியோ எடுப்பது எல்லாமே இதில் அடங்கும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு ஆபத்தாக வாகனம் ஓட்டுவதைப் பற்றியது. 2019-இல் வந்த திருத்தம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, எதிர்த்திசையில் வருவது ஆகியவற்றோடு கையில் ஃபோன் பிடித்து ஓட்டுவதையும் இதே பிரிவில் சேர்த்தது. முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடியும் பிடிபட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும். நீதிமன்றம் போகாமல் கட்டும் தொகை, தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் முதல்முறைக்கு ரூ.1,000, மறுமுறைக்கு ரூ.10,000.

"ஆயிரம்தானே, கட்டிட்டுப் போயிடலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். அபராதம் கட்டுவது ஒன்று, உரிமம் மீதான நடவடிக்கை வேறொன்று. பணம் கட்டிவிட்டதால் இரண்டாவதிலிருந்து நீங்கள் தப்ப முடியாது. 184-வது பிரிவுக் குற்றத்துக்குக் காவலர் உங்கள் ஓட்டுநர் உரிமத்தைப் பெற்று ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அனுப்பலாம். அங்கே உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகு, முதல் குற்றத்துக்கு உரிமத்தை மூன்று மாதம் தடை செய்ய முடியும். அடுத்த முறை என்றால் உரிமமே ரத்தாகலாம். உரிமத்தை வாங்கும்போது காவலர் ஓர் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சீட்டைக் காட்டி வண்டி ஓட்ட முடியாது.

ஆட்டோ, கால்டாக்சி ஓட்டுபவர்களுக்கும் உணவு டெலிவரி செய்பவர்களுக்கும் இது வெறும் சட்ட நுணுக்கம் அல்ல. மூன்று மாதம் உரிமம் இல்லையென்றால் மூன்று மாதம் வருமானம் இல்லை. ஆர்டர் வந்த சில நொடிகளில் ஏற்காவிட்டால் போய்விடும் என்ற நெருக்கடி உண்மைதான். ஆனால் ஓர் ஆர்டர் போனால் நஷ்டம் சில பத்து ரூபாய்தான். ஒலி கேட்டதும் ஓரம் கட்டி நிறுத்திவிட்டு எடுங்கள்.

வழி பார்க்கலாமா? பார்க்கலாம். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதித்திருத்தம், வழி அறிய மட்டும் ஃபோனைப் பயன்படுத்த இடம் தருகிறது, அதுவும் ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில். ஹோல்டரில் பொருத்தி, போகும் இடத்தைக் கிளம்பும் முன்பே பதிவு செய்து, குரல் வழிகாட்டலை ஆன் செய்துவிட்டால் போதும். நடுவழியில் இடத்தை மாற்ற வேண்டுமா, நிறுத்திவிட்டு மாற்றுங்கள். சிக்னலில் நிற்பதை வண்டி நிறுத்தியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இன்னும் ஓட்டுநர் இருக்கையில்தான் இருக்கிறீர்கள்.

ஹெல்மெட்டுக்குள் ஃபோனைச் செருகிப் பேசுபவர்கள், "கை ஹேண்டில்பார்ல தானே இருக்கு" என்பார்கள். கெட்டிக்காரத்தனமான வாதம்தான்! ஆனால் 184-வது பிரிவு பொதுமக்களுக்கு ஆபத்து வரும்படி எந்த விதத்தில் ஓட்டினாலும் குற்றம் என்கிறது. ஒரு காது அடைபட்டிருக்கும். பின்னால் வரும் லாரியின் ஹார்ன் சரியாகக் கேட்காது. ஃபோன் நழுவினால் கை தானாக அதைப் பிடிக்கத்தான் போகும். புளூடூத்தில் பேசுபவர்களும் இதை யோசிக்க வேண்டும். கை சும்மா இருந்தாலும் மனசு பேச்சில்தான் இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு: மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறோம். மூன்று நொடி திரையைப் பார்த்தால், 50 மீட்டர் சாலையைப் பார்க்காமலே ஓட்டியிருக்கிறீர்கள்.

இதற்கு ஃபோனிலேயே வழி இருக்கிறது. ஐஃபோனில் ஃபோகஸ் பகுதியில் டிரைவிங் என்ற வசதியை ஆன் செய்தால் அறிவிப்புகள் அடங்கிவிடும். செய்தி அனுப்புபவருக்கு நீங்கள் வண்டி ஓட்டுவதாகத் தானாகப் பதில் போகும். ஆண்ட்ராய்டு ஃபோனில் தொந்தரவு செய்யாதே வசதியை ஆன் செய்து, வீட்டு எண்ணை மட்டும் விதிவிலக்காக வைக்கலாம். அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நிறுத்திவிட்டுப் பேசலாம்.

காவலர் நிறுத்தினால் ஓட்டுநர் உரிமத்தையும் ஆர்.சி.யையும் டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியில் காட்டலாம். அசல் காகிதம் தேவையில்லை. வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்த பிறகு ஃபோனை எடுங்கள்.

கேமராவில் பதிவானால் இ-சலான் வண்டி உரிமையாளரின் பெயருக்கு வரும். உங்கள் வண்டியைத் தம்பி ஓட்டியிருந்தாலும் செய்தி வருவது உங்களுக்குத்தான். எனவே பரிவாகன் தளத்தில் உங்கள் இப்போதைய செல்போன் எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தவறாக வந்த சலானுக்கு அதே தளத்தில் புகார் பதியலாம். இன்னொன்று, இ-சலான் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு வந்தால் தொடாதீர்கள், அது மோசடி. அரசு இணையதள முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடியும். அங்கே நீங்களே போய் வண்டி எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.