இரைச்சலை எடுப்பது டீகோடருக்கு முன்பா, பின்பா?

பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1973இல் எஸ்க்யூ முறையில் நான்கு சேனல் (குவாட்) எல்பியாகவும் வந்தது. நான்கு ஸ்பீக்கருக்கான ஒலியை இரண்டு சேனலுக்குள் மடித்து வைத்த தட்டு அது. பின்பக்க ஒலிகள் இடத்திலும் வலத்திலும் 90 டிகிரி ஃபேஸ் வித்தியாசத்தோடு பதிந்திருக்கும். அந்த வித்தியாசத்தையும் இரு சேனல்களின் அளவையும் வைத்துத்தான் எந்த ஒலி எந்த மூலைக்குப் போக வேண்டும் என்பதை டீகோடர் பிரிக்கிறது. சாதாரண ஸ்டீரியோத் தட்டைச் சுத்தம் செய்வதுபோல இதில் கைவைத்தால் இரைச்சலோடு பின்பக்க இசையும் குலைந்துபோகும்.

தட்டை முதலில் கழுவிவிடுங்கள். தூசியால் வரும் சத்தத்துக்கு மென்பொருள் தேவையில்லை.

கீறலால் வரும் ‘டிக்’ சத்தத்தை டீகோடருக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். அந்த நிலையில் அது ஓரிரு மில்லிசெகண்டுக்குள் அடங்கிய சிறு முள். டீகோட் செய்துவிட்டால் நான்கு சேனலிலும் சிதறிவிடும். வலுத்த ஒலியின் பக்கம் சாயும் ‘லாஜிக்’ வகை டீகோடர் அதையும் இசை என்று நம்பி, ஒரு கணம் பாட்டையே அந்தப் பக்கம் இழுத்துவிடும். ஆடாசிட்டி மென்பொருளின் ‘ரிப்பேர்’ ஒரு தடவைக்கு 128 சாம்பிள் வரை சரிசெய்யும். 96 கிலோஹெர்ட்ஸ் பதிவில் அது சுமார் 1.3 மில்லிசெகண்ட். ஒவ்வொன்றாகத் தேடிப்பிடிக்கப் பொறுமை வேண்டும். ஆனாலும் தானியங்கிக் கருவியைவிட இதைத்தான் சொல்வேன். இதே தட்டில் ‘டைம்’ பாடலின் கடிகாரங்களை நினைத்துப் பாருங்கள். குவாட் செயல்விளக்கத்துக்காகக் கடிகாரக் கடையில் ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் பதிவுசெய்தவை அவை. குவாட் மிக்ஸும் அவருடையதே. கூர்மையை ஏற்றிவைத்த கருவிக்கு அந்த ‘டிக் டிக்’கும் கீறலும் ஒன்றுதான்.

‘உஸ்’ என்ற தொடர் இரைச்சலுக்கு நேர்மாறு: டீகோட் செய்த பிறகு, அதுவும் கொஞ்சமாக. பல கருவிகள் இடத்தையும் வலத்தையும் தனித்தனியே அளந்து நொடிக்கு நொடி குறைக்கும். இரண்டின் விகிதம் ஆடினால், பின்னால் தேய்ந்து மறைய வேண்டிய எதிரொலி முன்னுக்கு நழுவி வரும். டீகோட் செய்யும் வசதி இல்லாதவர்கள் அந்த ‘உஸ்’ஸை அப்படியே விட்டுவிடுவதே மேல்.

அடிநாத உறுமலுக்காகத் தாழ்ந்த ஸ்வரங்களை மோனோவாக்கச் சொல்வார்கள். இங்கே வேண்டாம், ஒன்றுக்கொன்று எதிர் ஃபேஸில் இருப்பவை அங்கே அடித்துக்கொண்டு மறையும். இரு சேனலுக்கும் ஒரே மாதிரி 20 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் ஃபில்டர் போதும்.

சிடி-4 என்ற இன்னொரு வகை நான்கு சேனல் தட்டு வேறு ஜாதி. அதன் முன்-பின் வித்தியாசத் தகவல் 30 கிலோஹெர்ட்ஸ் கேரியரில் ஏறியிருக்கிறது. 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் அது வாசலிலேயே தொலைந்துவிடும். குறைந்தது 96 வேண்டும். கேரியரைக் குலைக்கக்கூடாது என்பதால், இதில் மட்டும் நான்கு சேனலாகப் பிரித்த பிறகே டிக் சத்தத்தில் கைவைப்பேன்.

எஸ்க்யூ தட்டில் டிக் எடுத்து முடித்ததும், மூலப் பதிவிலிருந்து சுத்தம் செய்ததைக் கழித்து, மிஞ்சியதை மட்டும் கேளுங்கள். வெறும் சொடக்குச் சத்தம்தான் இருக்க வேண்டும். குரலோ கிடாரோ, ஒரு கடிகார மணியோ காதில் விழுந்தால் மூலப் பதிவிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.