திறன்மிக்க இளம் ஜிம்னாஸ்டுகளைக் காயமும் முழுச்சோர்வும் அண்டாமல் காக்கும் முறை

ஜிம்னாஸ்டிக்ஸ் பயிலும் சிறாருள் எவர் விரைவாகக் கற்கிறாரோ அவரே காயத்துக்கும் அதிகம் ஆட்படுகிறார். ஓர் அசைவை எளிதில் பிடித்துக்கொள்ளும் குழந்தைக்கு உடனே அடுத்த அசைவு கற்பிக்கப்படுவதும், போட்டிப் பட்டியலில் முதலில் அதன் பெயரே எழுதப்படுவதும், உடல் அத்தனைக்கும் தயாராகிவிட்டதா என்ற கேள்வி எழாமலே போவதும் இதற்குக் காரணங்களாகும். ஒரே எலும்பின் மீதும் தசைநாணின் மீதும் சிறு சிறு அழுத்தங்கள் நாள்தோறும் சேர்ந்து, ஆறுவதற்கு இடைவெளி இல்லாமல் முற்றும் பாதிப்பு மிகைப்பயன்பாட்டுக் காயம் எனப்படும். உடலும் மனமும் ஒருசேரக் களைத்து, முன்பு விரும்பிய விளையாட்டின் மீதே வெறுப்புத் தோன்றும் நிலையை முழுச்சோர்வு எனலாம். இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே மூலத்திலிருந்து பிறப்பவை. ஆதலால் இவற்றைத் தடுக்கும் வழிகளும் ஒன்றாகவே அமைகின்றன.

1. சுமையைக் குறித்துவைத்தல்

பயிற்சியை மணிக்கணக்கில் மட்டும் அளப்பது போதாது. ஏனெனில் இரண்டு மணி நேர நெகிழ்வுப் பயிற்சியும், அதே நேரம் ஓடித் தாவித் தரையில் இறங்கும் பயிற்சியும் எலும்புக்கு ஒன்றல்ல. கடினமான தரையில் கால்கள் எத்தனை முறை இறங்கின, கைகள் எத்தனை முறை உடல் எடையைத் தாங்கின என்பவற்றை நாள்தோறும் எழுதிவைக்க வேண்டும். பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்குக் குழந்தை பத்துக்கு இடும் மதிப்பெண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை கிடைக்கும். 90 நிமிடப் பயிற்சிக்கு 6 மதிப்பெண் என்றால் சுமை 540 ஆகும். பயிற்சியாளர் கேட்க, குழந்தை வாயால் சொல்லும் மதிப்பெண்ணில் அச்சம் கலந்துவிடும் என்பதால் குழந்தை தானே அதை எழுத வேண்டும். இதற்குக் கைபேசிச் செயலி தேவையில்லை, கோடு போட்ட நோட்டே போதுமானது. விடுமுறை முடிந்து திரும்பும் வாரத்திலும் போட்டிக்கு முந்தைய வாரங்களிலும் இந்த எண் திடீரென ஏறுகிறதா என்று பார்ப்பதே இக்கணக்கின் பயன். வாரப் பயிற்சி மணிநேரம் குழந்தையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் பலர் கூறும் எளிய வரம்பு.

2. வளர்ச்சிப் பாய்ச்சலைக் கண்டறிந்து சுமையைக் குறைத்தல்

பயிற்சியாளர்களும் பெற்றோரும் மிகுதியாகத் தவறும் இடம் இதுவே. குழந்தைகளின் நீள எலும்புகளின் முனைகளை ஒட்டி, எலும்பு நீள்வதற்கு இடமளிக்கும் குருத்தெலும்பு அடுக்கு ஒன்று உண்டு. அதனை வளர்ச்சித் தட்டு என்பர். எலும்பை மூட்டோடு பிணைக்கும் தசைநார்களைவிட அது வலுக் குறைந்தது. எனவே வளர்ந்தவருக்குச் சுளுக்காக முடியும் விசை, குழந்தைக்கு வளர்ச்சித் தட்டின் காயமாக முடியலாம். பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 12 வயதிலும், ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 14 வயதிலும் உயரம் மிக வேகமாகக் கூடும் பருவம் வருகிறது. ஜிம்னாஸ்டுகளிடம் அது பெரும்பாலும் சற்றுத் தாமதித்தே வரும். இப்பருவத்தில் எலும்பு முதலில் நீண்டு, அதன் அடர்த்தி பின்னரே நிறைவதாலும், தசைகள் அந்த நீளத்துக்கு ஈடுகொடுக்காமல் இறுகிவிடுவதாலும், குழந்தையின் உடல் தன் வளரும் ஆண்டுகளிலேயே மிக எளிதில் காயப்படக்கூடிய நிலையில் இருக்கிறது.

கைகால்களின் நீளமும் உடலின் எடைமையமும் மாறிவிடுவதால், முந்தைய மாதம் பிழையின்றிச் செய்த சுழற்சியைக் குழந்தையால் அப்போது செய்ய இயலாமல் போகிறது. 10 சென்டிமீட்டர் அகலமே உள்ள பீம் எனும் சமநிலைக் கட்டை மீது கால் தடுமாறுகிறது. கம்பிகளுக்கிடையே உடல் புதிய நீளத்தில் வந்து இடிக்கிறது. பெரியவர்கள் இதனைச் சோம்பல் என்றோ கவனக்குறைவு என்றோ கருதி, இழந்த அசைவை மீட்பதற்காகத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள். வளர்ச்சித் தட்டு மிக மென்மையாக இருக்கும் மாதங்களிலேயே அதன் மீதான மோதல்கள் இவ்வாறு பெருகுகின்றன. திறமை குன்றியது போலத் தோன்றும் அந்தக் காலத்தில் சுமையைக் குறைப்பதே இவ்வழிகாட்டியின் தலையாய விதி.

இதற்கான நடைமுறை எளிது. மாதந்தோறும் ஒரே நாளில், காலை வேளையில், வெறுங்காலுடன் உயரத்தை அளந்து எழுத வேண்டும். மாலையில் முதுகெலும்பு சற்றே அமுங்கி உயரம் குறைந்து காட்டும். மூன்று மாதங்களில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் கூடியிருந்தால் பாய்ச்சல் தொடங்கிவிட்டதாகவே கொள்ளலாம். அப்போது புதிய கடின அசைவுகளை நிறுத்திவைத்து, கடினத் தரையில் இறங்கும் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, எஞ்சியவற்றை நுரைப்பஞ்சுக் குழியிலோ தடித்த மெத்தையிலோ செய்விக்க வேண்டும். கைகளை ஊன்றும் பயிற்சியையும் காலால் மோதும் பயிற்சியையும் அடுத்தடுத்த நாட்களில் மாற்றி மாற்றி அமைத்தால் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு நாளாவது ஓய்வு கிட்டும். மிஞ்சும் நேரத்தை அடிப்படை வடிவத்துக்கும், இடுப்பு மற்றும் வயிற்றுத் தசைகளின் வலுவுக்கும், நடன அசைவுகளுக்கும் செலவிடலாம். உயரம் கூடும் வேகம் தணிந்த பிறகு, இழந்த அசைவுகள் பெரும்பாலும் வியப்பூட்டும் விரைவில் திரும்பிவிடுகின்றன.

3. வலியை வகைபிரித்தல்

தசை வலி பொதுவாக உடலின் இரு புறத்திலும் பரவலாகத் தோன்றி, இரண்டு மூன்று நாட்களில் தணியும். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் தோன்றி, சுமை கூடக் கூட மிகும் வலி எலும்பையோ வளர்ச்சித் தட்டையோ சார்ந்ததாக இருக்கலாம். ஜிம்னாஸ்டிக்ஸில் மூன்று இடங்கள் முதன்மையானவை:

- மணிக்கட்டு: கைகளை ஊன்றும்போது பெருவிரல் பக்கத்தில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே வலித்தால், முன்கையின் ஆர எலும்பின் வளர்ச்சித் தட்டு பாதிக்கப்பட்டிருக்கலாம். மருத்துவர்கள் இதனை ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு என்றே அழைக்கின்றனர். பல வாரங்கள் கையூன்றாமல் இருந்தால் இது ஆறக்கூடியது. புறக்கணித்தால் ஆர எலும்பின் வளர்ச்சி முன்கூட்டியே நின்று, மணிக்கட்டின் அமைப்பே மாறிவிடும்.
- இடுப்பு முதுகு: பின்புறம் வளையும்போது கூடும் வலி இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், முள்ளெலும்பின் பின்வளைவில் அழுத்த முறிவு உள்ளதா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும்.
- குதிகாலும் முழங்காலின் கீழ்ப்புறமும்: தசைநாண் எலும்போடு சேரும் வளரும் பகுதியில் வரும் இவ்வலி, சுமையைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கும்.

வலிமாத்திரை கொடுத்தோ, வலி நீக்கும் மருந்தைத் தெளித்தோ, டேப் சுற்றியோ பயிற்சியைத் தொடரச் செய்யும் குறுக்குவழி எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதன்று. வலி என்பது உடல் அனுப்பும் எச்சரிக்கை. அதனை அடக்குபவர் காயத்துக்கு வழிவிடுகிறார். வலியைச் சொல்லும் குழந்தைக்குத் தண்டனையோ ஏளனமோ வாய்ப்பிழப்போ நேர்ந்தால், அடுத்த முறை அது சொல்லாது. ஆகவே வலியைச் சொன்ன உடனே பாராட்டுவது பயிற்சிக்கூடத்தின் வழக்கமாக வேண்டும்.

4. உணவும் உறக்கமும்

செலவிடும் ஆற்றலுக்கு ஈடான உணவு கிட்டாதபோது எலும்பும் சுரப்பிகளும் எதிர்ப்புத்திறனும் ஒருங்கே தளர்கின்றன. 2014இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இதனை விளையாட்டில் ஏற்படும் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு என வரையறுத்தது. 15 வயதாகியும் பூப்பெய்தாமை, மாதவிலக்கு மூன்று மாதங்கள் வராமல் நிற்றல் ஆகியவை மருத்துவரிடம் செல்வதற்கான அறிகுறிகள். பயிற்சி மிகுந்தால் இப்படித்தான் இருக்கும் என்று தள்ளிவிடக் கூடாது. பயிற்சிக்கூடத்தில் எடை பார்க்கும் இயந்திரம் இருக்கவே கூடாது. 12 வயது வரை 9 மணி நேரமும், அதன் பின் 8 மணி நேரமும் உறக்கத்தின் குறைந்த அளவாகும்.

5. மனத்தின் எல்லையை மதித்தல்

2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், அந்தரத்தில் தன் உடல் எத்திசையில் உள்ளது என்ற உணர்வை இழந்த அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ், அணி இறுதிப் போட்டியின் நடுவிலேயே விலகினார். முன்பு செய்த அசைவுக்குக் குழந்தை திடீரென மறுப்புத் தெரிவித்தால் அதனையும் அத்தகைய உணர்விழப்பாகவே கருதி, மிரட்டாமல், நான்கைந்து படிகள் கீழே இறங்கி எளிய அசைவிலிருந்து மீண்டும் கட்டியெழுப்ப வேண்டும். பயிற்சிக்குக் கிளம்பும் நேரத்தில் அடிக்கடி வரும் வயிற்றுவலி, எரிச்சல், நண்பர்களை விட்டு விலகுதல், வெற்றியிலும் மகிழ்ச்சியின்மை ஆகியவை முழுச்சோர்வின் தொடக்கம். வாரத்தில் ஒன்றிரண்டு நாட்களும், ஆண்டில் மொத்தம் இரண்டு மூன்று மாதங்களும் முதன்மை விளையாட்டிலிருந்து ஓய்வு வேண்டும் என அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு பரிந்துரைத்துள்ளது. வீடு திரும்பும் வழியில் பயிற்சியைப் பற்றிப் பெற்றோர் பேச்செடுக்காதிருப்பது நல்ல விதி.

6. காயத்துக்குப் பின் திரும்புதல்

1978இல் உலகச் சாம்பியனான சோவியத் வீராங்கனை எலேனா முகினா, கால் முறிவு முழுமையாக ஆறாத நிலையில் கடும் பயிற்சிக்குத் திரும்பி, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குச் சில வாரங்களுக்கு முன் ஆபத்தான சுழற்சி ஒன்றைப் பயிலும்போது கழுத்து முறிந்து, கைகால் இயக்கத்தை வாழ்நாள் முழுதும் இழந்தார். ஆகவே திரும்பும் நாளைப் போட்டி அட்டவணை முடிவுசெய்யக் கூடாது. வலியற்ற அன்றாட இயக்கம், காயமுற்ற பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் சம வலு, மென்மையான தளத்தில் அடிப்படை அசைவு, கடினத் தளத்தில் அதே அசைவு, இறுதியில் முழுத் தொடர் என்ற வரிசையில் முன்னேற வேண்டும். எந்தப் படியில் வலி திரும்புகிறதோ, அங்கிருந்து ஒரு படி இறங்க வேண்டும்.

1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் 14 வயது ருமேனிய வீராங்கனை நாடியா கொமனெச்சி முழு 10 மதிப்பெண் பெற்றபின், பிஞ்சு வயதிலேயே உச்சத்தைத் தொட வேண்டும் என்ற எண்ணம் இவ்விளையாட்டில் வேரூன்றியது. ஆனால் நிலைமை மாறிவிட்டது. மூத்த மகளிர் போட்டிக்கான குறைந்தபட்ச வயது 1997 முதல் 16 ஆக உயர்ந்தது. வீராங்கனை ஒக்சானா சூசோவிதினா 1992 முதல் டோக்கியோ வரை எட்டு ஒலிம்பிக்கில் பங்கேற்றார். பைல்ஸ் 27 வயதில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார். திரிபுராவின் தீபா கர்மாகர் 30 வயதில், 2024 ஆசியச் சாம்பியன்ஷிப்பின் வால்ட் எனும் தாவல் பிரிவில் தங்கம் பெற்றார். காத்திருந்தால் காலம் கடந்துவிடும் என்ற அச்சத்துக்கு இனி அடிப்படையில்லை. எனவே பயிற்சியாளரும் பெற்றோரும் குழந்தையின் உயரத்தை இம்மாதமே அளந்து எழுதத் தொடங்கட்டும். அந்த எண் விரைந்து ஏறும் மாதங்களில், எந்தப் போட்டி நெருங்கினாலும், சுமையைக் குறைக்கும் உறுதி அவர்களுக்கு வேண்டும்.