குளத்தில் விட்ட கொடுவா பெருகுமா?

கட்டாரில் ஒன்பது வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய என் மருமகன் ஒருவர், சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு கொப்பித் தாளோடு என்னிடம் வந்தார். வயலோரத்தில் 20 பேர்ச் அளவில் குளம் வெட்டியாகிவிட்டது. அதில் 500 கொடுவாக் குஞ்சுகள் விடப்போகிறார். இரண்டு நண்பர்கள் முழாரபா அடிப்படையில் முதல் தரச் சம்மதித்திருக்கிறார்கள். தாளில் ஐந்து போகத்துக்கான கணக்கு இருந்தது. தீவனம், வலை, காவல் கூலி எல்லாம் ஐந்து தடவை எழுதப்பட்டிருந்தன. குஞ்சு வாங்கும் செலவு மட்டும் ஒரே ஒரு தடவை.

"இது ஏன் ஒரு தடவை?" என்று கேட்டேன்.

"முதல் தடவை விட்டால் போதும்தானே மாமா. பிறகு அதுகளே பெருகும்" என்றார்.

இந்த எண்ணம் அவருக்கு மட்டும் உரியதல்ல. மீன் வளர்ப்பில் முதலிட விரும்பும் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆகவே, நம் நாட்டில் குளங்களில் விடப்படும் மூன்று வகை மீன்களையும் இக்கேள்வியோடு வைத்துப் பார்ப்போம்.

கொடுவா: பெருகவே பெருகாது

சிங்களத்தில் 'மோதா' எனப்படும் கொடுவா, நன்னீரிலும் நன்றாக வளரும். ஆனால் நன்னீரில் இனம் பெருக்காது. ஆற்றிலும் களப்பிலும் வளரும் இம்மீன், முட்டையிடுவதற்கு முகத்துவாரத்தையும் கடலையும் நாடிச் செல்கிறது. அதன் முட்டைக்குக் கடல்நீருக்குச் சமீபமான உப்புத்தன்மை தேவை.

இதைவிட முக்கியமான இன்னொரு காரணமும் உண்டு. கொடுவா முதலில் ஆணாகவே முதிர்ச்சி அடைகிறது. பல வருடங்கள் கழிந்த பின்னரே, பெரும்பாலும் ஆறு வயதுக்கு மேல், பெண்ணாக மாறுகிறது. நாமோ ஒரு கிலோ அளவுக்கு வந்ததும் பிடித்து விற்றுவிடுகிறோம். அப்படியானால் நமது குளத்தில் தாய் மீன் என்று ஒன்று இருக்கப்போவதே இல்லை. எனவே ஒவ்வொரு போகத்துக்கும் பொரிப்பகத்திலிருந்து குஞ்சு வாங்கியே ஆகவேண்டும்.

கட்லா, ரோகு, மிருகால்: ஓடும் நீர் வேண்டும்

இவை மழைக்கால வெள்ளத்தில், பெருக்கெடுக்கும் ஆறுகளில் முட்டையிடுபவை. தேங்கி நிற்கும் குளத்தில் சினை பிடித்தாலும் முட்டையிடுவதில்லை. ஒரு காலத்தில் இவற்றின் குஞ்சுகளை ஆற்றில்தான் வாரி எடுக்கவேண்டியிருந்தது. 1957 ஜூலை 10ஆம் திகதி இந்தியாவின் ஒரிசாவில், கலாநிதி ஹிராலால் சௌதுரியும் கலாநிதி அலிக்குஞ்ஞியும் ஹோர்மோன் ஊசி மூலம் இவற்றை முட்டையிட வைத்தனர். இன்றும் பொரிப்பகங்களில் நடப்பது இதே முறைதான். 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டப்படி உருவான நெக்டா நிறுவனம் தம்புள்ளை, உடவளவை, இங்கினியாகலை போன்ற இடங்களில் நிலையங்கள் வைத்துக் குஞ்சு உற்பத்தி செய்வதும், குளங்களில் திரும்பத் திரும்ப விடுவதும் இதனால்தான்.

திலாப்பியா: பெருகுவதே தொல்லை

1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவின் கதை நேர்மாறானது. ஆண் மீன் குளத்தின் அடியில் குழி பறிக்கும். பெண் மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். உள்ளங்கை அளவு வருமுன்பே இனம் பெருக்கத் தொடங்கிவிடும். சில மாதங்களில் சிறு குளம் குஞ்சுகளால் நிரம்பும். தீவனமும் ஒட்சிசனும் பங்குபோக, எல்லாமே விரலளவில் நின்றுவிடும். எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருக்கும். சந்தையில் விலை இருக்காது. ஆகவேதான் அனுபவசாலிகள் ஆண் குஞ்சுகளை மட்டும் வாங்கி விடுகிறார்கள்.

தென்கிழக்காசிய நாடுகளில் மற்றொரு வழியும் உண்டு. முதலில் ஆணும் பெண்ணுமாகத் திலாப்பியாவை விட்டு, ஓரிரு மாதங்கள் பெருகவிடுகிறார்கள். பின்னர் 8 முதல் 10 சென்ரிமீற்றர் அளவான கொடுவாக் குஞ்சுகளை ஹெக்டயருக்கு 3,000 முதல் 5,000 வரை சேர்க்கிறார்கள். திலாப்பியாக் குஞ்சுகள் கொடுவாவுக்கு இரையாகின்றன. தீவனச் செலவு குறைகிறது. 20 பேர்ச் குளத்துக்கு இது 150 முதல் 250 கொடுவா என்றாகும்.

கணக்கைத் திருத்துவோம்

ஒரு குஞ்சு 60 ரூபா என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 500 குஞ்சுக்கு 30,000 ரூபா. ஐந்து போகத்துக்கு 150,000 ரூபா. மருமகனின் தாளில் 120,000 ரூபா காணாமல் போயிருந்தது.

முதலிடுமுன் கவனிக்கவேண்டியவை:

1. குஞ்சை விதைநெல் போலக் கருதி, ஒவ்வொரு போகத்தின் செலவிலும் எழுதுங்கள்.

2. விட்டதெல்லாம் பிழைக்காது. கொடுவா தன்னில் பாதி நீளமுள்ள தன் இனத்தையே விழுங்கும். ஒரே அளவான குஞ்சுகளை விட்டு, அடிக்கடி தரம் பிரியுங்கள்.

3. குளம் வெட்டுமுன், குஞ்சு எங்கிருந்து, எந்த மாதத்தில் கிடைக்கும் என்பதை உறுதி செய்யுங்கள். குஞ்சு கிடைக்காத போகத்தில் குளம் வெறும் பள்ளம்தான்.

4. மாரி வெள்ளம் மேவாதபடி வரம்பை உயர்த்துங்கள்.

கூட்டாளியிடம் மறைக்காதீர்கள்

முழாரபாவில் நட்டம் வந்தால் பணம் போட்டவரின் முதல் போகும். உழைத்தவரின் உழைப்பு வீணாகும். கவனயீனம் இருந்தால் பொறுப்பு உழைத்தவரையே சாரும். தண்ணீரில் நீந்தும் மீனை விற்பதையே 'கரர்' எனும் நிச்சயமின்மைக்கு உதாரணமாகப் பிக்ஹ் நூல்கள் காட்டுகின்றன. அப்படியிருக்க, பிறக்கவே முடியாத மீனை வருமானமாகக் காட்டிப் பிறரிடம் முதல் வாங்குவது எவ்வளவு பாரதூரமானது! தெரியாமல் சொன்னது தவறுதல். தெரிந்த பின் திருத்தாமல் விடுவது ஏமாற்று.

மருமகன் அன்றிரவே தாளைத் திருத்தி நண்பர்களிடம் காட்டினார். ஒருவர் விலகிக்கொண்டார். மற்றவர், "இப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது" என்று சொல்லி நிலைத்தார். இப்போது அவர்கள் பாதிக் குளத்தில் ஆண் திலாப்பியாவோடு சிறிதாகத் தொடங்க எண்ணியிருக்கிறார்கள். விலகியவரோடு ஸலாமும் சிநேகமும் அப்படியே இருக்கின்றன. இரண்டாவது போகத்தில் உண்மை வெளிவந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

நமது தொழில்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!