வாதமும் வைணவ மரபும்



உத்ஸவ காலங்களில் அடியார்கள் கூடுமிடத்தில் பகவத் விஷயம் பேசப்படுதல் இயல்பு. அப்பேச்சு வளர்ந்து தர்க்கமாவதும் இயல்பே. எனினும் தர்க்கங்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல. ந்யாய சூத்திரம் இயற்றிய கௌதமர் அதனை மூவகையாகப் பிரித்தார். உண்மையை அறியும் விருப்பால் இருவர் உரையாடுவது வாதம். எவ்வழியிலேனும் வெல்லக் கருதிப் பேசுவது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையை நிலைநாட்டாது பிறர் கொள்கையை உடைப்பதே தொழிலாகக் கொள்வது விதண்டை. வீடுகளில் நாம் கடிந்துகொள்ளும் 'விதண்டாவாதம்' இதுவேயாம்.

நம் நீலகிரியிலேயே ஓர் உதாரணம் காண்போம். கோத்தகிரிப் பக்கத்து ரங்கசாமி சிகரத்தில் எழுந்தருளியுள்ள பெருமானுக்கு இருளர் குலத்தினர் பூசை செய்வர். படகர்களும் அங்குச் சென்று வழிபடுவர். "ஆகம விதிப்படி அமையாத பூசை வைணவமாகுமா?" என்று சமவெளி அன்பர் சிலர் வினவுவதுண்டு. வினவுதல் குற்றமன்று. ஆனால் அச்சிகரத்தில் ஏறிக் காணாமலும், பூசை செய்வோரிடம் ஒரு வார்த்தை கேளாமலும் தீர்ப்புரைப்பது மூவகையில் எதைச் சேரும்?

எம்பெருமானார் காட்டிய முறை வேறு. ஸ்ரீபாஷ்யத்தின் முதல் அதிகரணத்திலே, மஹாபூர்வபக்ஷம் என்னும் பகுதியில் அத்வைதிகளின் கொள்கையை அதற்குரிய பிரமாணங்களோடும் யுக்திகளோடும் விரிவாக எடுத்துரைக்கிறார். அதனைத் தனியே படிப்பவர் அத்வைதி ஒருவரே எழுதியதென மயங்கக்கூடும். மஹாசித்தாந்தம் அதன் பின்னரே. மாற்றார் கூற்றைக் குறைத்துச் சொல்லி வெல்வது அம்மஹானுக்கு வெற்றியாகத் தோன்றவில்லை. பாடசாலையில் சாஸ்திரம் பயிலும் பிள்ளைக்கு இதைக் காட்டிலும் கடினமான பாடம் இல்லை.

யஜ்ஞமூர்த்தி என்னும் ஏகதண்டி சந்நியாசி வண்டி நிறைய நூல்களோடு திருவரங்கம் வந்து உடையவரை வாதுக்கழைத்த வரலாறு அன்பர்கள் அறிந்ததே. தோற்றால் உடையவரின் பாதுகைகளைத் தாங்கி அவர் பெயரைத் தரிப்பதாக அவர் சொன்னார். உடையவரோ, தாம் தோற்றால் இனி நூல்களைத் தொடுவதில்லை என்றார். பதினெட்டாம் நாள் யஜ்ஞமூர்த்தி அடிபணிந்தார் என்று குருபரம்பரை கூறும். அதன் பின் நிகழ்ந்ததே நாம் ஊன்றிப் பார்க்கத்தக்கது. தோற்றவரை உடையவர் ஏளனம் செய்தாரல்லர். காஞ்சிப் பேரருளாளன் திருநாமத்தோடு தம் திருநாமத்தையும் சேர்த்து 'அருளாளப் பெருமாள் எம்பெருமானார்' எனப் பெயரிட்டு, தனி மடமும் அமைத்துத் தந்தார். அதே பேரருளாளன் சந்நிதியில் யார் பாராயணம் செய்வதென்று இரு கலையாரும் நூறாண்டுக்கு மேலாக நீதிமன்றம் ஏறியதை நினைக்க நெஞ்சு கனக்கிறது.

வெளியூர் வைணவர் சிலர் ஒருநாள் திருவரங்க வீதியில் எம்பெருமானார் மடம் எது என வினவ, "எந்த எம்பெருமானார்?" என்று ஊரார் திருப்பிக் கேட்டனர். அது செவிப்பட்ட மாத்திரத்தில் அருளாளப் பெருமாள் தம் மடத்தை இடித்துவிட்டு உடையவர் மடத்திலேயே வந்து தங்கினார். அவர் தமிழில் அருளிய ஞானசாரம், பிரமேயசாரம் என்னும் இரண்டு நூல்களுக்கும் மணவாள மாமுனிகள் உரை வரைந்துள்ளார்.