இரவில் இறங்கும் அழுத்தம்

நுழையும்முன்
உறக்கத்தில் உடல் முழுவதும் ஓய்வு கொள்கிறது என்கிறோம். ஓயாது துடிக்கும் இதயமும் ஓடிக்கொண்டே இருக்கும் குருதியும் எவ்வாறு ஓய்வு பெறுகின்றன?

மருத்துவரிடம் நாம் இரத்த அழுத்தம் பார்ப்பது பெரும்பாலும் பகலில்தான். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடைத்து, ‘120/80’ என்று குறித்துக் கொடுத்தால் மனநிறைவோடு வீடு திரும்புகிறோம். அவ்வெண் அந்நேரத்திற்கு மட்டுமே உரியது. நள்ளிரவில் அது எவ்வளவு என்று நாம் கேட்பதில்லை.

கேட்டாலும் அறிந்துகொள்ளும் வழி நெடுங்காலம் எளிதாக இல்லை. ஆங்கிலேயப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ், குதிரையின் தமனியில் குழாயைப் பொருத்திக் குருதி எட்டடிக்கு மேல் எழும்பியதை அளந்து, 1733இல் நூலில் வெளியிட்டார். 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி கைப்பட்டையை உருவாக்கினார். உறங்குபவரின் அழுத்தத்தை இரவு முழுவதும் பதிவு செய்ய, இடுப்பில் அணியும் தானியங்கிக் கருவி வரவேண்டியிருந்தது.

அக்கருவிகள் காட்டிய உண்மை வியப்புக்குரியது. நலமுடையோரின் இரத்த அழுத்தம் உறக்கத்தில் பத்து முதல் இருபது விழுக்காடு வரை தாழ்கிறது. பகலில் சராசரி 130 உள்ளவருக்கு இரவில் அது ஏறத்தாழ 117க்கும் 104க்கும் இடையில் நிற்கும். சிலருக்கோ இவ்விறக்கம் நிகழ்வதில்லை. 1988இல் அயர்லாந்து மருத்துவர் ஓபிரையனும் உடனாய்வாளர்களும் ‘இறங்குவோர்’, ‘இறங்காதோர்’ என இருவகையினரைப் பிரித்துக் காட்டினர். இறங்காதோரிடையே பக்கவாதத்திற்கு ஆளானோர் மிகுதியாக இருந்தனர்.

ஆழ்ந்த உறக்கத்தில் பரிவு நரம்பு மண்டலம் அடங்குகிறது. எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் மேலோங்குகிறது. இதயத் துடிப்பு குறைந்து, குருதிக்குழாய்கள் தளர, அழுத்தம் தாழ்கிறது. உறக்கம் அடிக்கடி கலைந்தால், ஒவ்வொரு கலைவிலும் பரிவு நரம்புகள் விழித்து அழுத்தத்தை மேலேற்றுகின்றன. காலையில் நினைவில் நிற்காத சில நொடி விழிப்புகளும் இதைச் செய்யும்.

இதன் கடுமையான வடிவம் உறக்க மூச்சுத்தடை. தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழியை அடைக்க, மூச்சு பத்து நொடியோ அதற்கு மேலோ நிற்கிறது. குருதியில் ஆக்சிஜன் குறைகிறது; மூளை திடுக்கிட்டு எழுப்புகிறது; உரத்த குறட்டையோடு மூச்சு மீள்கிறது. இது ஒரே இரவில் நூறு முறைக்கு மேலும் நிகழலாம். நம் வீடுகளிலோ பலத்த குறட்டையை ‘அயர்ந்த தூக்கம்’ என்று சொல்லி விலகிச் சென்றுவிடுகிறோம்!

இரவு அழுத்தம் இறங்காமைக்கு உறக்கக் குறைவு ஒன்றே காரணம் எனக் கொள்ளலாகாது. சிறுநீரக நோய், நீரிழிவு, உணவில் மிகும் உப்பு ஆகியனவும் காரணமாகலாம். ஆலையில் இரவுப்பணி செய்து பகலில் உறங்கும் தந்தைக்கு, வெளிச்சமும் தெரு ஓசையும் முழுமையான உறக்கத்தைத் தருவதில்லை. தேர்வுக் காலத்தில் விடியும்வரை விழித்திருக்கும் உங்கள் வயதினருக்கு நாள்தோறும் எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை.

கருவியைப் பொருத்தும் மருத்துவர், படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் குறித்து வரச் சொல்வார். குறட்டை உண்டா, இடையில் மூச்சு நிற்கிறதா என்றும் கேட்பார். இவ்வினாவிற்கு நோயாளியைவிட அவர் அருகில் உறங்குபவரே தெளிவாக விடை கூற இயலும்.